உள்ளூர் வங்கியும் அந்நிய உடைமையும்: தமிழகப் பொதுமனப்பான்மையின் வரலாறு (1906–2020)

ஆய்வுச்சுருக்கம்

உள்ளூர் மக்களின் பணத்தைக் கையாளும் வங்கியின் உடைமை அயலாரிடம் இருப்பதையும் அவர்களிடம் செல்வதையும் தமிழக மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1906ஆம் ஆண்டு அர்பத்நாட் நிறுவனத்தின் வீழ்ச்சி, அதனையடுத்துத் தோன்றிய இந்திய வங்கிகள், பர்மாவில் நகரத்தார் பெற்ற அனுபவம், வைப்புக் காப்புறுதியும் நாட்டுடைமையும், தூத்துக்குடி மெர்க்கண்டைல் வங்கிப் பங்குச் சிக்கல், 2020இல் லட்சுமி விலாஸ் வங்கி சிங்கப்பூர் வங்கியின் துணை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டமை ஆகியன ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வங்கி தடுமாறும்போது இழப்பு யார் தலையில் விழுகிறதோ அவர்களிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. வைப்பாளரின் இழப்பை அரசு ஏற்கத் தொடங்கிய பின்னர் அவர்களிடையே அந்நிய உடைமை குறித்த அச்சம் தணிந்தது. காப்பற்று நின்ற பங்குதாரரிடமும் ஊழியரிடமும் மட்டும் அது எஞ்சியது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: அந்நிய உடைமை, அர்பத்நாட், இந்தியன் வங்கி, நகரத்தார், வைப்புக் காப்புறுதி, லட்சுமி விலாஸ் வங்கி, பங்குதாரர் உரிமை.

முன்னுரை

தமிழக வங்கி வரலாறு பெரும்பாலும் நிறுவனர்களின் வரலாறாகவோ சமூகங்களின் முன்னேற்ற வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. வங்கியில் பணம் போட்டவர், கடன் பெற்றவர், பத்துப் பங்கோ நூறு பங்கோ வைத்திருந்தவர் ஆகியோரின் பார்வை அவ்வரலாறுகளில் ஓரத்திலேயே நிற்கிறது. அந்நிய உடைமை பற்றிய விவாதத்தில் இக்குறை மேலும் தெளிவாகத் தெரிகிறது. சுதேசி உணர்வு அந்நிய வங்கிகளை எதிர்த்தது என்றும், தாராளமயத்திற்குப் பின்னர் அவ்வுணர்வு மங்கிவிட்டது என்றும் இரண்டு தொடர்களில் அவ்விவாதம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இவ்விளக்கம் சில நிகழ்வுகளுக்குப் பொருந்துகிறது. சிலவற்றுக்கு அறவே பொருந்தவில்லை. சுதேசி வங்கியிலிருந்து மக்கள் பணத்தை எடுத்துச் சென்றதையும், இந்தியத் தொழில் குழுமம் ஒன்றை அந்நியராகக் கருதி ஒரு சமூகம் போராடியதையும் அதனைக் கொண்டு விளக்க இயலாது.

மக்களின் மனப்பான்மையை எவ்வாறு அறிவது என்பது இவ்வாய்வின் முதற்சிக்கல். இக்காலப்பரப்பின் பெரும்பகுதிக்குக் கருத்துக் கணிப்புகளைச் சான்றாகக் கொள்ள வழியில்லை. ஆதலால் மக்களின் செயல்களே இங்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. பணத்தை எங்கே போட்டனர், எப்போது எடுத்தனர், எதற்காகக் கூட்டம் கூட்டினர், எதனை எதிர்த்து வழக்காடினர், பொதுக்கூட்டத்தில் எவ்வாறு வாக்களித்தனர் என்பனவற்றிலிருந்து மனப்பான்மை பெறப்படுகிறது. ‘பொதுமக்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வைப்பாளர், கடன் பெறுவோர், பங்குதாரர், ஊழியர் என நால்வகையினர் அடங்குவர் என்பதும் இவர்களின் நலன்கள் எப்போதும் ஒன்றுபடுவதில்லை என்பதும் இக்கட்டுரையின் அடிப்படைக் கருதுகோள்கள்.

1. அர்பத்நாட் வீழ்ச்சியும் சினமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் நவீன வங்கித்தொழில் ஐரோப்பியர் கையில் இருந்தது. 1843இல் தோன்றிய சென்னை வங்கி அரசின் கணக்குகளைக் கையாண்டது. பாரி, பின்னி, அர்பத்நாட் என்னும் மூன்று வணிக இல்லங்கள் நகரின் வாணிகத்தில் முதன்மை பெற்றிருந்தன. இவற்றுள் அர்பத்நாட் ஏறத்தாழ நூறாண்டுப் பழமை உடையது. வாணிகத்தோடு வங்கித்தொழிலும் செய்து பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகை பெற்றது. ஓய்வுபெற்ற அலுவலர்கள், வழக்கறிஞர்கள், நிலவுடைமையாளர்கள் எனப் பலதரத்தாரும் தம் சேமிப்பை அங்கே வைத்திருந்தனர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கருத வேண்டும். வீழ்வதற்கு முன் அர்பத்நாட்டின் ஐரோப்பிய உடைமை மக்களுக்குத் தடையாக இருக்கவில்லை. அதுவே நம்பிக்கையின் ஊற்றாகவும் இருந்தது. ஆளும் இனத்தாரின் நிறுவனம், நூறாண்டுப் பெயர், கடற்கரைச் சாலையின் செல்வாக்கு ஆகியவை பாதுகாப்பின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. 1905இல் வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி இயக்கம் சென்னையிலும் பரவியிருந்த காலம் அது. வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவாயிற்று. எனினும் கப்பலில் சுதேசியம் பேசியோர் பலரும் சேமிப்பில் அர்பத்நாட்டையே நம்பியிருந்த நிலை நீடித்தது.

அடுத்த வாரமே, 1906 அக்டோபர் 22ஆம் நாள், அர்பத்நாட் பணம் கொடுப்பதை நிறுத்தியது. இலண்டனில் இருந்த அதன் தொடர்பு நிறுவனத்தின் கூட்டாளியான மக்ஃபாதியன் தற்கொலை செய்துகொண்டார். நிறுவனத்தின் தலைவரான சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டு, 1907இல் 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆளும் இனத்தைச் சேர்ந்த, ‘சர்’ பட்டம் பெற்ற ஒருவர் இந்தியர் இழந்த பணத்திற்காகச் சிறை செல்ல நேர்ந்தது அக்காலச் சூழலில் சிறு செய்தி அன்று.

பணத்தை இழந்தோர் சார்பில் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார். இவர் காங்கிரசில் மிதவாதப் பிரிவைச் சேர்ந்தவர். அந்நியப் பொருள் புறக்கணிப்பைத் தீவிரமாக முழங்கியவர் அல்லர். இத்தகைய ஒருவரே இந்தியருக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற முயற்சிக்குத் தலைமை ஏற்றார் என்பது கவனத்திற்குரியது. 1906 நவம்பரில் கூட்டம் கூடியது; 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவாயிற்று; 1907 ஆகஸ்ட் 15ஆம் நாள் அது செயல்படத் தொடங்கியது. நகரத்தார் முதலீடும் வழக்கறிஞர்களின் ஊக்கமும் அதில் இணைந்தன.

இந்தியன் வங்கியின் தோற்றத்தை வெறும் தேசிய உணர்ச்சியின் விளைவாகக் கொள்வது போதாது. இழப்பு நேர்ந்த விதமே அதற்கு அடித்தளமாயிற்று. நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கும் உரிமை வைப்பாளருக்கு இல்லை. இலண்டனில் எடுக்கப்பட்ட முடிவுகள் அவர்களுக்குத் தெரியவில்லை. வீழ்ந்த பின்னர் நீதிமன்றம் ஒன்றே அவர்களுக்கு எஞ்சியது. தொலைவில் இருந்த கணக்கு, அருகில் விழுந்த இழப்பு என்னும் இவ்விரண்டின் சேர்க்கையே ‘அந்நிய வங்கி’ என்ற சொல்லுக்குச் சென்னையில் அரசியற்பொருள் தந்தது.

2. ஊரார் வங்கிகளும் அவற்றின் வரம்பும்

இந்தியன் வங்கிக்கு முன்பே 1904இல் கும்பகோணம் வங்கி தோன்றியிருந்தது. அதுவே இன்றைய சிட்டி யூனியன் வங்கி. 1916இல் கரூர் வைசியா வங்கியும், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும், 1926இல் கரூரில் லட்சுமி விலாஸ் வங்கியும் எழுந்தன. நாடார் வங்கிக்கான முடிவு நாடார் மகாஜன சங்கத்தின் கூட்டத்தில் உருவானது. லட்சுமி விலாஸ் வங்கியை வி.எஸ்.என். இராமலிங்கம் செட்டியார் தலைமையில் கரூர் வணிகர் எழுவர் நிறுவினர். சுற்றுவட்டார வணிகர்க்கும் தொழில்முனைவோர்க்கும் உழவர்க்கும் கடன் தருவது அதன் நோக்கம்.

இவ்வங்கிகளின் எழுச்சியில் ‘அந்நியர்’ என்ற கருத்து ஐரோப்பியரோடு நின்றுவிடவில்லை. மாகாணத் தலைநகரின் பெருவங்கிக்குக் கரூர் நெசவு வணிகரின் கைராசியோ தூத்துக்குடிச் சரக்கு வணிகரின் நாணயமோ தெரியாது. ஊரில் இருந்த இயக்குநர்க்கு அது தெரியும். எவரிடம் எவ்வளவு சரக்கு இருக்கிறது, எவர் வாக்குத் தவறாதவர் என்ற அறிவே அங்குப் பிணையாயிற்று. ஊரில் இருந்த வங்கி என்பது ஊரார் கேள்வி கேட்கக்கூடிய வங்கி என்னும் பொருளையும் பெற்றது.

எனினும் சொந்தக்காரர் நடத்துவது பாதுகாப்பிற்கு உறுதி ஆகவில்லை. இரண்டு வங்கிகள் இணைந்து 1937இல் உருவான திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. அது 1938 ஜூனில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதன் வீழ்ச்சி தென்னிந்தியா முழுவதும் சிறு வங்கிகளின் வைப்பாளரை அச்சுறுத்தியது. ஐரோப்பியர் வங்கி வீழ்ந்தாலும் இந்தியர் வங்கி வீழ்ந்தாலும் சேமிப்பை இழந்தவரின் நிலை ஒன்றே என்பதை இவ்வீழ்ச்சி காட்டியது. 1906இன் பாடத்தை 1938 திருத்தி எழுதியது எனலாம்.

3. பர்மா: தமிழரே அந்நியராக நின்ற இடம்

அந்நிய உடைமை குறித்த தமிழக வரலாற்றைத் தமிழகத்திற்குள் மட்டும் வைத்து எழுத இயலாது. சென்னையில் இந்தியர் வங்கிக்கு முதலீடு செய்த அதே நகரத்தார், கீழைப் பர்மாவில் அயல்நாட்டுக் கடன் கொடுப்போராக இருந்தனர். சுயெஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்ட பின் ஐராவதிச் சமவெளியின் நெல் உலகச் சந்தைக்குச் சென்றது. காடு திருத்தி நெல் விளைவித்த பர்மிய உழவருக்கு வேண்டிய முதலைப் பெரிதும் நகரத்தாரே வழங்கினர். ஐரோப்பிய வங்கிகள் உழவரிடம் நேரில் செல்லவில்லை. நகரத்தார் கடைகள் ஊர்தோறும் சென்றன.

1929–30இல் ஆராய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கு இயங்கிய நகரத்தார் முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அவர்களின் தொழில் ஒழுங்கையும் அது மதித்தது. ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடன்கள் நின்றுபோயின. அடைமானமாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. 13 முதன்மையான நெல் மாவட்டங்களில் நகரத்தார் உடைமை 1930இல் 6 விழுக்காடாக இருந்தது. 1937இல் அது 25 விழுக்காடாயிற்று. நிலத்தை வைத்துக்கொள்வது அவர்களின் விருப்பமன்று. முடங்கிய முதலை மீட்க வேறு வழி இல்லாமையால் நிலம் வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்த உழவருக்கோ அவ்வேறுபாடு பொருளற்றது. அவர் கண்ட காட்சி, அயல்நாட்டார் ஒருவர் தம் வயலுக்கு உரிமையாளர் ஆனதே.

1937 ஏப்ரல் 1ஆம் நாள் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 10ஆம் நாள் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடியிலும் சென்னையிலும் இரங்கூனிலும் ஒரே நாளில் தொடங்கியது. அயல்நாட்டுச் செலாவணித் தொழிலில் ஐரோப்பிய வங்கிகள் கொண்டிருந்த தனியுரிமையை உடைக்கும் முயற்சி என்ற வகையில் சென்னையில் அது தேசியச் சாதனை. இரங்கூனில் அதுவும் ஓர் அந்நிய வங்கி. விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. 1963இல் உள்நாட்டு வங்கிகளோடு அயல்நாட்டு வங்கிகளையும் நாட்டுடைமை ஆக்கியது. இலங்கையிலும் இதனையொத்த போக்கு நிலவியது. 1934ஆம் ஆண்டு வங்கி ஆணையத்தின் விளைவாக 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. பிரித்தானிய, இந்திய வங்கிகளிடம் இலங்கையர் போதிய கடன் பெறவில்லை என்ற குறையே அதன் பின்புலம்.

சென்னையில் 1906இல் பணத்தை இழந்தவர் வைப்பாளர். பர்மாவில் நிலத்தை இழந்தவர் கடன் பெற்றவர். இரு இடங்களிலும் உடைமையாளர் வேறு, இழந்தவர் வேறு, சினத்தின் வடிவம் மட்டும் ஒன்று. அந்நிய உடைமைக்கு எதிரான உணர்வைத் தமிழரின் தனிப்பட்ட தேசியப் பண்பாகக் கொள்ளும் வாதம் இவ்வொப்பீட்டின் முன் நிற்பதில்லை.

4. இழப்பை அரசு ஏற்ற காலம்

விடுதலைக்குப் பின்னர் 1949ஆம் ஆண்டு வங்கி நிறுவனச் சட்டம் உரிமம் வழங்கவும் ஆய்வு செய்யவும் ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் அளித்தது. ஆயினும் வைப்பாளரின் அச்சம் நீங்கவில்லை. 1960இல் கேரளத்தின் பாலை மத்திய வங்கி வீழ்ந்தபோது நாடு தழுவிய விவாதம் எழுந்தது. அதன் விளைவாக 1961இல் வைப்புக் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் வைப்பாளர் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்புறுதி கிடைத்தது. இவ்வரம்பு 1993இல் 1 லட்சமாகவும், 2020 பிப்ரவரியில் 5 லட்சமாகவும் உயர்ந்தது.

இச்சட்டம் தொழில்நுட்பச் சீர்திருத்தமாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. பொதுமனப்பான்மையின் வரலாற்றில் அதன் இடம் பெரிது. வைப்பாளர், உடைமையாளரை நம்ப வேண்டிய கட்டாயத்திலிருந்து மெல்ல விடுபட்டார். சிறு வங்கிகளை வலுவான வங்கிகளோடு இணைக்கும் ரிசர்வ் வங்கியின் 1960களின் நடவடிக்கைகளும் இதற்குத் துணைநின்றன. வங்கியின் பெயர்ப்பலகை மாறினாலும் சேமிப்பு தப்பும் என்ற அனுபவம் தலைமுறைகளுக்குக் கிடைத்தது.

1969 ஜூலை 19ஆம் நாள் 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை கொண்ட 14 இந்திய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. சுதேசியத்தின் குழந்தைகளான இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றுள் அடங்கும். அயல்நாட்டு வங்கிகள் அச்சட்டத்திற்கு உட்படவில்லை. ஆர்.சி. கூப்பர் வழக்கில் 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தபோது, பெயர் குறிப்பிடப்பட்ட 14 வங்கிகள் மட்டும் வங்கித்தொழில் செய்ய இயலாதவாறு தடுக்கப்பட்டதும் அயல்நாட்டு வங்கிகள் உட்படப் பிற வங்கிகள் தொடர விடப்பட்டதும் பாகுபாடு எனக் கருதப்பட்டன. பின்னர் புதிய சட்டத்தின்வழி நாட்டுடைமை நிலைபெற்றது. அன்றைய அரசியல் விவாதத்தின் இலக்கு வங்கிகளைத் தம் தொழில்களுக்குப் பயன்படுத்திய இந்தியப் பெருங்குடும்பங்களே. சிறுதொழிலாளருக்கும் உழவருக்கும் கடன் மறுத்தவர் யார் என்ற வினாவே அன்று முன்னின்றது.

5. தூத்துக்குடி: உள்நாட்டிலேயே அந்நியர்

1969இலும் 1980இலும் நாட்டுடைமைக்கு உட்படாத சிறு வங்கிகள் தமிழகத்தில் தம் சமூக, ஊர் அடையாளத்தோடு தொடர்ந்தன. நாடார் வங்கி 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயரிலிருந்து சமூகம் விலகினாலும் உடைமையுணர்வு விலகவில்லை.

1990களின் நடுப்பகுதியில் இவ்வங்கியின் பெரும்பான்மைப் பங்குகள் சமூகத்திற்கு வெளியிலிருந்த பெருந்தொழில் குழுமம் ஒன்றின் கைக்குச் சென்றன. பின்னர் சென்னையைச் சார்ந்த தொழிலதிபர் ஒருவரிடம் மாறின. வாங்கியவரும் விற்றவரும் இந்தியரே. பின்னையவர் தமிழரும் ஆவார். அவ்வாறிருந்தும் பங்குகளை மீட்பதற்கென நாடார் அமைப்புகள் இயக்கம் நடத்தின. சிறு வணிகரிடம் நிதி திரட்டின. அரசியல் தலைவர்களையும் ரிசர்வ் வங்கியையும் அணுகின. பின்னாளில் பங்குகளின் ஒரு பகுதி அயல்நாட்டு முதலீட்டு நிறுவனங்களிடம் சென்றதும் நீண்ட வழக்குகளுக்கு இடமளித்தது.

இவ்வியக்கத்தில் வைப்பாளராக எவரும் அஞ்சவில்லை; வைப்புத்தொகைக்கு இடர் நேரவில்லை. இழக்கப்படுவதாகக் கருதப்பட்டது கட்டுப்பாட்டுரிமை. கல்வியும் வாணிகமும் மறுக்கப்பட்ட ஒரு காலத்தில் தம் முன்னோர் சிறுகச் சிறுகச் சேர்த்து எழுப்பிய நிறுவனம் என்ற நினைவு அதற்கு உரமிட்டது. பங்கை விற்றவர்களும் அச்சமூகத்தினரே என்பதை மறைக்க வேண்டியதில்லை. தனியொருவர் தம் பங்கை நல்ல விலைக்கு விற்கலாம்; எல்லாரும் விற்றால் பொதுவான ஒன்று கைவிட்டுப் போகும். இந்த முரண்பாட்டிற்குச் சட்டத்தில் தீர்வில்லை. ஆகவே அது சமூக இயக்கமாக வெளிப்பட்டது.

6. கரூரிலிருந்து சிங்கப்பூருக்கு: 2020

2004 முதல் தனியார் வங்கிகளில் அயல்நாட்டு உடைமை 74 விழுக்காடு வரை அனுமதிக்கப்பட்டது. 1920இல் திருச்சூரில் தோன்றிய கத்தோலிக்க சிரியன் வங்கியின் 51 விழுக்காட்டுப் பங்கைக் கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் குழுமம் 2018இல் பெற முடிந்தது. லட்சுமி விலாஸ் வங்கியின் முடிவோ இதனினும் கடுமையானது.

கரூர் வணிகர்க்கெனத் தோன்றிய இவ்வங்கி, பிற்காலத்தில் பெருநிறுவனக் கடன்களை நோக்கி நகர்ந்தது. மருந்து, மருத்துவமனைத் தொழில்களில் பெயர்பெற்ற வடஇந்தியக் குழுமத்தின் நிறுவனங்களுக்கு அளித்த ஏறத்தாழ 720 கோடி ரூபாய்க் கடன் வழக்கில் முடிந்தது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உடனடித் திருத்த நடவடிக்கையின்கீழ் இவ்வங்கியைக் கொணர்ந்தது. வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றோடு இணையும் திட்டத்தை அடுத்த மாதம் ஏற்க மறுத்தது. 2019–20இல் இழப்பு 836 கோடி. மொத்த வாராக்கடன் 25 விழுக்காட்டைத் தாண்டியது. 2020 செப்டம்பர் 25ஆம் நாள் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மேலாண்மை இயக்குநர் உள்ளிட்ட எழுவரின் நியமனத்தைப் பங்குதாரர்கள் வாக்களித்துத் தள்ளினர்.

2020 நவம்பர் 17ஆம் நாள் அரசு வங்கியின் செயல்பாட்டை ஒரு மாதத்திற்கு முடக்கியது. வைப்பாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாது என்றாயிற்று. அன்றே டி.பி.எஸ். வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைக்கும் வரைவுத் திட்டம் வெளியானது. நவம்பர் 25இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 27இல் இணைப்பு நடைமுறைக்கு வந்து கட்டுப்பாடும் நீங்கியது. பத்தே நாட்களில் 94 ஆண்டு வரலாறு முடிந்தது. டி.பி.எஸ். 2,500 கோடி ரூபாய் முதலீடு செய்தது. அதன் தாய் நிறுவனத்தின் மிகப்பெரிய பங்குதாரர் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக். ஏறத்தாழ 20 லட்சம் வைப்பாளரின் 20,000 கோடி ரூபாய் காப்பாற்றப்பட்டது. பங்கு மூலதனம் முழுவதும் மதிப்பிழந்தது. 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களும் அவ்வாறே ஆயின.

இந்நிகழ்வில் மூன்று தரப்பின் செயல்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. வைப்பாளர் வங்கியிலிருந்து தொடர்ந்து பணம் எடுத்துவந்தனர் என்பதை முடக்க அறிவிப்பின்போது ரிசர்வ் வங்கியே சுட்டியது. அதாவது அவர்கள் பணத்தை எடுத்தது வங்கி கரூர்ப் பெயரோடு இருந்த காலத்தில். சிங்கப்பூர் வங்கி வந்த பின்னர் 1906ஐ நினைவூட்டும் கொந்தளிப்பு எதுவும் எழவில்லை. ஊழியர் தரப்பில் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் அயல்நாட்டு வங்கியிடம் ஒப்படைப்பதை எதிர்த்து, பொதுத்துறை வங்கியோடு இணைக்குமாறு கோரியது. அவ்வாண்டு மார்ச்சில் எஸ் வங்கியை பாரத ஸ்டேட் வங்கியின் தலைமையில் மீட்ட முன்மாதிரி அக்கோரிக்கைக்கு வலுவூட்டியது. பங்குதாரர் நீதிமன்றம் சென்றனர். எஸ் வங்கியின் பங்குதாரர் தம் பங்கை முற்றாக இழக்காதபோது தமக்கு மட்டும் ஒன்றும் இல்லாதது ஏன் என்பது அவர்களின் வினா. சென்னை உயர்நீதிமன்றம் இணைப்பிற்கு இடைக்காலத் தடை விதிக்கவில்லை.

வங்கி வீழ்ந்தால் பங்குதாரரே முதலில் இழக்க வேண்டும் என்பது நிதியியலின் பொதுவிதி. அதனை மறுக்க இயலாது. இருப்பினும் தலைமுறையாக ஊர் வங்கியின் பங்கை நகைபோலக் காத்த சிறு பங்குதாரருக்கும் சந்தையில் வாங்கி விற்பவருக்கும் அவ்விதி வேறுபாடு காண்பதில்லை. நிறுவனர் தரப்பின் பங்கோ அப்போதே 10 விழுக்காட்டிற்கும் குறைவு. உடைமை சிங்கப்பூருக்குச் செல்வதற்கு நெடுநாள் முன்பே, கடன் வழங்கும் முடிவு கரூரைவிட்டு நீங்கிவிட்டது. கரூர் நெசவுத் தொழிலுக்குக் கடன் தரத் தோன்றிய வங்கி தொலைதூரப் பெருங்குழுமத்தின் கடனால் நலிந்தது என்பதே அதன் சான்று. பொதுமக்களின் மௌனத்திற்கு ஒரு காரணம் இதுவே: அயலாரிடம் போகத் தக்க ‘உள்ளூர்த் தன்மை’ அவ்வங்கியில் அப்போது மிகுதியாக எஞ்சியிருக்கவில்லை.

முடிவுரை

1906 முதல் 2020 வரையிலான நிகழ்வுகளை ஒருசேர வைத்து நோக்கும்போது பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, அந்நிய உடைமைக்கு எதிரான உணர்வு நாட்டினத்தால் மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. சென்னையில் ஆங்கிலேயரும், பர்மாவில் தமிழரும், 1969இல் இந்தியப் பெருங்குடும்பங்களும், தூத்துக்குடியில் சமூகத்திற்கு வெளியிலிருந்த இந்தியரும் ‘அந்நியர்’ ஆயினர். இழப்பைச் சுமப்போர் ஒருபுறமும் முடிவெடுப்போர் மறுபுறமும் நின்ற இடங்களில் அச்சொல் பொருள் பெற்றது.

இரண்டாவதாக, வைப்பாளரிடையே இவ்வுணர்வு தணிந்தமைக்குத் தாராளமயச் சிந்தனையின் பரவலைக் காட்டிலும் 1962 முதல் வளர்ந்த வைப்புக் காப்புறுதியும் ரிசர்வ் வங்கியின் இணைப்பு நடவடிக்கைகளும் அடிப்படைக் காரணங்கள். 1906இல் அர்பத்நாட்டின் வைப்பாளருக்கு நீதிமன்றம் மட்டுமே இருந்தது. 2020இல் லட்சுமி விலாஸ் வங்கியின் வைப்பாளருக்கு அரசு இருந்தது.

மூன்றாவதாக, வைப்பாளரின் அமைதியைப் பொதுமக்கள் அனைவரின் இசைவாகக் கொள்வது பிழை. காப்பற்ற நிலையில் இருந்த பங்குதாரரும் ஊழியரும் எதிர்த்தனர். கடன் பெறுவோரின் குரலோ எந்த நிகழ்விலும் அமைப்பாக ஒலிக்கவில்லை. அதனால் அவர்களுக்கு இழப்பில்லை என்று முடிவு கட்டிவிட இயலாது. வயல் கைமாறியபின் வெளிப்பட்ட பர்மிய உழவரின் சினம் இதனை எச்சரிக்கிறது.

இத்திசையில் மேலாய்வுக்கு இடமுண்டு. இணைப்பிற்குப் பின்னர் கரூர் வட்டாரக் கிளைகளில் சிறுதொழிற்கடன் எவ்வாறு மாறியது என்பதைக் கிளை அளவிலான தரவுகளால் அறியலாம். பங்கை இழந்த குடும்பங்களின் வாய்மொழி வரலாறு, அதனை நேரில் பட்ட தலைமுறை இருக்கும்போதே பதிவாக வேண்டும். பர்மிய மொழிச் சான்றுகளோடு நகரத்தார் ஆவணங்களை ஒப்பிட்டுப் படிப்பதும் இன்றியமையாதது. கொடுத்தவரின் கணக்கேடு மட்டுமே இதுவரை பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. பெற்றவரின் கணக்கும் வரலாற்றிற்குள் வரும்போதுதான் அந்நிய உடைமை பற்றிய பொதுமனப்பான்மையின் வரலாறு முழுமை பெறும்.